மைனி பந்தியிலிருந்து எழுந்த நாள்

மைனி,

இன்று காலை ஆசன வகுப்புக்கு எடுத்துப்போக ஜமுக்காளத்தை உதறினேன். உங்கள் முழங்கால் தைலத்தின் வாசனை இன்னும் அதில் இருக்கிறது. நீங்கள் கண்மூடி ஒரு சாரல் பருவமும் கழிந்துவிட்டது. எத்தனை முறை அலசிப் போட்டாலும் அது மட்டும் போகமாட்டேன் என்கிறது. கொஞ்ச நேரம் அதன் மேலேயே உட்கார்ந்திருந்தேன்.

வயது அறுபதை நெருங்கியபோது உங்களுக்குப் பெரிய பக்தை என்று பெயர். எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் "இன்னைக்கு விரதம்" என்று சொல்லிப் பந்தியில் உட்காரமாட்டீர்கள். சொந்தபந்தமெல்லாம் மெச்சிக்கொண்டது. நீங்கள் என் அண்ணனைக் கட்டி வந்த நாளிலிருந்து உங்களைத் தெரிந்த எனக்குத்தான் சந்தேகம். அவியல் என்றால் உயிரை விடும் ஆளுக்கு அப்படி என்ன விரதம்? ஒருநாள் பாவூர்சத்திரத்துக் கல்யாணத்திலிருந்து திரும்பியதும், அடுக்களையில் நின்றபடியே பழைய சோற்றை அள்ளித் தின்றுகொண்டிருந்தீர்கள். கையும் களவுமாகப் பிடித்தேன்.

"கீழ இருந்தா எந்திக்க முடியலட்டி. பந்தி மொத்தமா எந்திக்கும், நான் மட்டும் எச்சி எலைக்கு முன்னால கெடப்பேன். எலை எடுக்க வாறவன் கக்கத்துல கையக் குடுத்துத் தூக்கணும். அதுக்குப் பட்டினி கெடக்கது தேவல."

உங்கள் பேத்திக்கு அப்போது மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தோம். "அவ கல்யாணப் பந்தியிலயாவது உக்காரணும்" என்று சொல்லிக்கொண்டே பழைய சோற்றுப் பானையை மூடினீர்கள். மறுநாளே உங்களைத் தென்காசியில் நம் தெருக்கோடி மாதர் சங்கத்துக்கு இழுத்துப்போனேன். ஓய்வுபெற்ற நர்ஸம்மா ஒருவர் அங்கே வயதான பெண்களுக்கு ஆசனம் சொல்லிக்கொடுத்தார். தெருவில் போகிறவர்கள் பார்க்காமலிருக்க ஜன்னலில் போர்வை கட்டியிருக்கும். குற்றாலத்தில் சீசன் என்றால் அதுவும் நனைந்து தொங்கும். வஜ்ராசனம், புஜங்காசனம் என்று அவர் அடுக்க, "பேரெல்லாம் இருக்கட்டும் தாயி, எந்திக்கதுக்கு வழி சொல்லுங்க" என்றீர்கள். வலது உள்ளங்கையைத் தரையில் ஊன்றி, ஒரு காலை முன்னே வைத்து, மூச்சை விட்டபடி எழச் சொல்லிக்கொடுத்தார். மற்ற ஆசனங்களில் டபாய்த்தாலும் அந்த ஒன்றை நீங்கள் ஒருநாளும் விட்டதில்லை.

பேத்தி கல்யாணம் வடகரையில் நடந்தது. பந்தியில் உங்கள் பக்கத்தில் நான், எனக்கு அந்தப்புறம் சங்கத்துப் பெண்கள். அவியலை இரண்டு தடவை வாங்கினீர்கள். எனக்குச் சந்தோஷத்தில் சோறே இறங்கவில்லை. எதிர்வரிசை எழத் தொடங்கியபோதுதான் உங்கள் முகம் மாறியது. வலது கை முழுக்கப் பாயசம். இத்தனை நாள் பழகியதெல்லாம் அந்தக் கையை ஊன்றித்தான். சாப்பிடுகிற கை அதுதான் என்று நம்மில் ஒருத்திக்கும் தோன்றவில்லை.

நான் தோளைப் பிடிக்கப் போனேன். "தொடாதட்டி" என்றீர்கள்.

வரிசைக் கோடியிலிருந்து நர்ஸம்மா, "இங்கன கொஞ்சம் மோர் ஊத்துங்க" என்று குரல் கொடுத்தார். அவருக்கு அடுத்தவரும் கேட்டார். பிறகு ஒருத்தி ரசம் கேட்டாள். வயிறு நிறைந்த சங்கம் மறுபடியும் சாப்பிட உட்கார்ந்துவிட்டது. அவர்கள் இலை மடிக்காமல் வரிசை எப்படி எழும்? நீங்கள் நிதானமாக மறுபக்கம் திரும்பி, இடது கையை ஊன்றினீர்கள். மூச்சு விட்ட சத்தம் எனக்குக் கேட்டது. எழுந்து நின்று, பாயசக் கையைச் சேலையில் படாமல் தூக்கிப் பிடித்தபடி, "போதும், எல்லாரும் எந்திரிங்க" என்றீர்கள்.

உங்களை ரொம்பத் தேடுகிறது மைனி. இப்போதும் எந்தப் பந்தியில் உட்கார்ந்தாலும், வரிசையின் கடைசிவரை ஒருதரம் பார்த்துவிட்டுத்தான் இலையை மடிக்கிறேன்.