1.26 வோல்ட்டும் கறுப்புத் திரையில் நீயும்

ஏட்டி, கிடைச்சிட்டு, உன் வோல்ட்டேஜ் கிடைச்சிட்டு, நம்ம கம்ப்யூட்டர் பெட்டி மறுபடியும் 4.7 கிகாஹெர்ட்ஸ்ல ஓடுது!

உன்னிடம்தான் முதலில் ஓடி வந்து சொல்லியிருப்பேன். நீ இல்லை. அதனால், கம்ப்யூட்டரை அதன் அளவுக்கு மேல் வேகமாக ஓட்டிப் பார்க்கும் நம் ஓவர்கிளாக்கிங் குரூப்பில் எழுதுகிறேன், நீ படிப்பாய் என்று நினைத்துக்கொண்டு.

மேஜையில் ஒரு செத்த பட்டன் பேட்டரி கிடக்கிறது. மதர்போர்டிலிருந்து கழற்றியது. அது தீர்ந்திருந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனதில், பயாஸில் நீ வைத்திருந்த செட்டிங் எல்லாம் அழிந்துவிட்டது. காய்ச்சல் உன்னைக் கொண்டுபோன பிறகு, உன் கைபட்டது என்று என்னிடம் மிஞ்சியிருந்தது அதுதான். புதுப் பேட்டரி போட்டுத் திறந்தால் வோல்ட்டேஜ் கட்டத்தில் ‘ஆட்டோ’ என்று இருந்தது. அந்த ஒரு வார்த்தையைப் பார்த்து அழுதேன்.

ஆட்டோ உனக்கு ஆகவே ஆகாது. “அதுல விட்டா போர்டு இஷ்டத்துக்கு அள்ளிக் குடுக்கும்ட்டி, ப்ராசஸர் வெந்துரும்” என்பாய்.

குரூப்பில் கேட்டேன். “1.4 போடு, ஒண்ணும் ஆகாது” என்றார்கள். நீ முதன்முதலில் செட் செய்த அன்றும் இதைத்தான் சொன்னார்கள். சித்திரை மதியம், தெரு முழுக்கத் தறிச் சத்தம். பெட்டி அணையாமல் தாங்குகிறதா என்று, நீ அறை ஃபேனையும் நிறுத்திவிட்டு டெஸ்ட் போட்டாய்.

“காலையில செய்யலாம்லாட்டி, வேர்த்து ஊத்துது.”

“1.4 சொல்லுதவன் ஏசி ரூம்ல இருந்துகிட்டுச் சொல்லுதான். நம்ம பெட்டி சங்கரங்கோயில்லலா இருக்கு. இந்த வெக்கையில நின்னாத்தான் நின்னது.”

கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினாய். 4.7 நின்றது. நான் 4.8 கேட்டுக் கெஞ்சினேன். அதற்கு வோல்ட்டேஜை எக்கச்சக்கமாகக் கூட்ட வேண்டியிருந்தது, சூடும் தொண்ணூறைத் தாண்டியது. திரும்ப இறக்கினாய். “போதும்ட்டி. இந்தத் துளி வேகத்துக்காக இதைக் கொல்லணுமா? காலேஜ் முடியுத வரைக்கும் வரணும்லா.”

எந்த எண்ணில் நிறுத்தினாய் என்பது எனக்கு நினைவில் இல்லை. குத்துமதிப்பாகப் போட்டு, ப்ராசஸரும் போய்விட்டால்?

பழைய சாட்டைத் தோண்டினேன். அன்று நீ போனில் எடுத்துக் குரூப்பில் போட்ட, திரையின் போட்டோ இருந்தது. வெளிச்சம் பட்டு மங்கிய படம். கீழே ஒருவர், “நம்பர் தெரியல, உம் மூஞ்சிதான் தெரியுது.” அதற்கு நீ, “மூஞ்சிக்குக் காசு கேக்கலைல்லா, உத்துப் பாரும் வே.”

உற்றுப் பார்த்தேன். 1.26.

எண்ணுக்குப் பக்கத்தில், திரையின் கறுப்பில், கண்ணாடியில் தெரிவதுபோல, நீ. கையில் போன். நெற்றியில் ஒட்டிய முடி. அப்படி ஒரு சிரிப்பு. போட்டோ என்றாலே துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொள்கிறவள் நீ. உன் வீட்டில் மாலை போட்டிருப்பதுகூட ஹால் டிக்கெட்டுக்கு முறைத்துக்கொண்டு எடுத்த படம்தான்.

நேற்று மதியம் 1.26 போட்டு, ஃபேனை நிறுத்திவிட்டு டெஸ்ட் ஓட்டினேன். நின்றது. முடிந்த பிறகும் ஃபேன் போடாமல் உட்கார்ந்திருந்தேன். ‘போதும்ட்டி’ என்று சொல்ல ஆளில்லை.

மக்கா, உங்களில் நிறையப் பேருக்கு இவள் செட்டிங் படம் அனுப்பியிருக்கிறாள். தெளிவான படம் வேண்டாம். வெளிச்சம் விழுந்தது, மங்கலானது, “வேற எடுத்து அனுப்பு” என்று நீங்கள் ஒதுக்கியது, அதையெல்லாம் தேடுங்கள். பெரிதாக்கிப் பாருங்கள், கறுப்பில் நிற்பாள். இருந்தால் எனக்கு அனுப்புங்கள். அவள் அம்மாவிடம் கொடுக்க வேண்டும்.