முப்பத்தொன்றிலிருந்து கீழே

மார்ச் 3, திங்கள்

முன்னறையில் இருந்தவர்கள்: அவர், நான், மகள், கட்டிலில் மாமனார். ஆக நான்கு பேர். குறித்து வைக்கச் சொன்னவர் கணவர்தான். ஆள் கூடினாலும் குறைந்தாலும் அறையின் ஒலி அளவு மாறுமாம். அடிநாதத்துக்கென வாங்கிய புது சப்வூஃபர் பெட்டி மூலையில் உட்கார்ந்திருக்கிறது, அழுக்குத்துணிக் கூடை அளவுக்கு. சோபாவின் நடுவில் மைக்கை நிறுத்திவிட்டு, "யாரும் மூச்சு விடாதீங்க" என்றார். பெட்டி அடிவயிற்றிலிருந்து உறுமி, மெல்ல ஏறி, விசிலாய் முடியும் நேரம் மாமனார், "இந்த இரைச்சலுக்கா நான் மூச்ச அடக்கணும்? விட்டா அப்படியே போயிருவேன்டா" என்றார். மகள் சிரித்துவிட்டாள். மறுபடி முதலிலிருந்து.

திரையில் ஒரு கோடு. முப்பத்தொன்று ஹெர்ட்ஸில் பெரிய மேடு. அந்தச் சுருதிக்குத் தரையும் சேர்ந்து அதிர்கிறதாம். "கரெக்‌ஷன் போட்டா மேட்டை வெட்டிரும், பள்ளத்தை நிரப்பிரும்." போட்டார். உண்மையைச் சொல்ல வேண்டும், பாட்டு அவ்வளவு தெளிவாக இருந்தது. ஆனால் பழைய அளவை அழித்துத்தான் புதியது ஏறுமாம். அழிப்பது எனக்கு ஆகாது. கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்தேன்: 31.

மார்ச் 9

கீழே கடையை அகலப்படுத்துகிறார்கள். காலையிலிருந்து சம்மட்டி. பிரார்த்தனைப் புத்தகத்தின் மேல் செங்கல் தூசி.

மார்ச் 17

பாட்டில் மறுபடி குமுறல். மறுபடி அளந்தார். மேடு இடம் மாறியிருக்கிறது: 28. "சோபாவை நகர்த்தினியா?" நகர்த்தவில்லை. ஆட்களும் அதே நான்கு பேர். கரெக்‌ஷன் போட்டார். சரியாகிவிட்டது.

மார்ச் 18

மனசு கேட்காமல் கீழே இறங்கிப் போனேன். இரண்டு கடைகளும் ஒன்றாகியிருந்தன. நடுவில் தரையில் மட்டும் நீளமாக ஒரு வெள்ளைத் தழும்பு.

"இங்க இருந்த சுவர் எங்கண்ணே?" என்றேன் கடைக்காரரிடம்.

"சுவரா? அது வெறும் தடுப்புதான்க்கா. வீட்டுச் சொந்தக்காரரே இடிச்சுக்கோன்னுட்டாரு."

தழும்பைச் சாண் போட்டுப் பார்த்தேன். ஒன்றரைச் சாண். தடுப்புக்கு இவ்வளவு தடிமனா?

மார்ச் 24

26.

"அவனோட பெட்டிய நிறுத்தச் சொல்லும்மா, முதுகுல ஏறி உக்காருது" என்றார் மாமனார். பெட்டி நிறுத்தித்தான் இருந்தது. பிளக்கைக் கழற்றிக் காட்டினேன். "அப்ப கட்டில் ஏன் நடுங்குது?" கீழே புதிதாக வைத்த குளிர்பெட்டி ஓடிக்கொண்டிருந்தது.

மார்ச் 25

துணி காயப்போடும் கம்பியை இழுத்துக் கட்டும்போது புரிந்தது. இறுக்கிச் சுண்டினால் 'ணிங்'. தளர்த்திச் சுண்டினால் 'தொம்'. தளரத் தளரச் சுருதி இறங்கும். கடவுளே, எங்கள் காலடியில் எது தளர்கிறது?

அவரிடம் சொன்னேன். "வந்துட்டாங்க எங்க வீட்டு இன்ஜினியரம்மா" என்றார். "பாட்டு சரியாத்தானே கேக்குது?"

சரியாகத்தான் கேட்கிறது. அதுதான் எனக்குப் பயம். தரை ஒவ்வொரு முறையும் ஏதோ சொல்ல வருகிறது — நாம் அதை வெட்டிவிட்டுப் பாட்டுக் கேட்கிறோம்.

ஏப்ரல் 1

முன்னறைக் கதவின் தாழ் துளையில் விழவில்லை. சுவரோரம் தரை விலகியிருக்கிறது. போன வாரம் அந்த இடுக்கில் ஒரு தாள் போனது. இன்று பிரார்த்தனைப் புத்தகத்தின் அட்டையே போகிறது. அதை அளவுகோலாக்கியதற்கு ஆண்டவன் மன்னிக்கட்டும். கைக்கு அதுதான் கிடைத்தது.

ஏப்ரல் 2

"இன்னிக்கு ஒரு நாள் கரெக்‌ஷன் போடாம அளங்க" என்றேன். முகம் சுளித்தார், அளந்தார். 22. நோட்டின் கடைசிப் பக்கத்தைப் பிரித்து அவர் மடியில் வைத்தேன். 31, 28, 26. அடுத்த வரியை அவரே எழுதினார். எழுந்து போய் அப்பாவின் கட்டிலின் ஒரு பக்கத்தைப் பிடித்தார்.

"நீ கால்பக்கம் பிடி."

"எங்கடா தூக்கிட்டுப் போறீங்க? எனக்கு இன்னும் உசுரு இருக்குடா!"

யாரும் சிரிக்கவில்லை. பின்னறையில் கொண்டுபோய்ப் போட்டோம். அங்கே அடியில் கடை இல்லை.

ஏப்ரல் 3, காலை

வீட்டுச் சொந்தக்காரர் போனை எடுக்கவில்லை. கடிதமாக எழுதி மகளிடம் கொடுத்தனுப்பினேன். அதன் நகல்:

ஐயா, முன்னறையில் இருப்பவர்கள்: யாருமில்லை. தரை அதிரும் சுருதியை வாசற்படியில் நின்றபடியே இன்று அளந்தோம், 19. ஒரு மாதம் முன்பு 31. கீழே கடையில் நான் எண்ணியபோது வேலையாட்களும் வாடிக்கையாளர்களுமாகப் பதினொரு பேர். விவரம் சொன்னேன். நீங்கள் சொன்னால்தான் கடையை மூடுவேன் என்கிறார் கடைக்காரர். கட்டட வரைபடம் உங்களிடம்தான் இருக்கிறது. நீங்கள் இடிக்கச் சொன்னது தடுப்பா, மாடியைத் தாங்கும் சுவரா? வேறொன்றும் கேட்கவில்லை. இதைக் கொண்டுவரும் என் மகளிடமே தயவுசெய்து உடனே பதில் சொல்லி அனுப்புங்கள்.