சும்மா உட்கார ஓர் ஆள்

இன்று காலை பனியன் வேஸ்ட் மூட்டையை அவிழ்த்தேன். வெட்டித் தள்ளிய துணித் துண்டுகளின் பஞ்சு வாசனையோடு பழைய எஞ்சின் ஆயில் வாசனையும் சேர்ந்து வந்தது. நீ கை துடைத்துவிட்டு மறுபடியும் மூட்டைக்குள்ளேயே திணித்து வைத்த துண்டுகள். அழுக்கானதைத் தனியாகப் போடு என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன். கேட்டால்தானே.

ஞாயிற்றுக்கிழமை. அருள்புரத்தில் பனியன் கம்பெனிகள் எல்லாம் பூட்டிக் கிடக்கின்றன. போன ஆடியில் நீ கண்ணை மூடியதிலிருந்து கார் போர்டிகோவில் நிற்கிறது. வாரம் ஒரு தடவை பல்லடம் வரைக்கும் ஓட்டிப் போய்த் திரும்புகிறேன், அவ்வளவுதான். பாப்பா ஈரோட்டிலிருந்து போனில் கறாராகச் சொல்லிவிட்டாள். “ஆயில் மாத்தோணும்னா ஒர்க்‌ஷாப்புல உடுங்கப்பா. இல்லீன்னா வண்டியக் குடுத்துருங்க. வெச்சு என்ன பண்றீங்க?” நம் பெண்தான், கேள்வியில் தப்பில்லை. ஆனால் அந்த வண்டியின் அடியில் உன் கையைத் தவிர வேறு கை பட்டதே இல்லை. யாரோ ஒருவன் ஸ்பேனரை விட்டுத் திருகுவதை நினைத்தாலே எனக்குக் கோபம் வருகிறது. “இந்த ஞாயித்துக்கெழம நானே மாத்தறேன் கண்ணு. முடியிலீன்னா நீயே வந்து வித்துரு” என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் யோசித்தேன்.

உனக்குத் தெரியும், நான் எப்படிப்பட்ட வீரன் என்று. செக்கிங் டேபிளில் துணியை விரித்து ஓட்டையும் ஆயில் கறையும் தேடுவது என் பிழைப்பு. வெள்ளைத் துணியில் ஊசி முனை அளவு கறை இருந்தாலும் என் கண்ணுக்குத் தப்பாது. அப்பேர்ப்பட்டவனுக்குப் பெண்டாட்டியாக வாய்த்தவள், ஞாயிறு தவறாமல் முழங்கை வரை கறையோடு காருக்கு அடியிலிருந்து எழுந்து வந்து, “காப்பி வைக்கட்டுங்களா?” என்று கேட்பாள். தாராபுரத்தில் உங்கள் அப்பா வைத்திருந்த டெம்போவின் அடியில் பாதி நாள் கிடந்து வளர்ந்தவள் நீ. கல்யாணத்துக்கு முன்னால் இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பயந்திருப்பேன்.

முதல் தடவை நீ ஜாக்கி வைத்துக் காரைத் தூக்கியபோது, உதவுகிறேன் பேர்வழி என்று நான் கொல்லையிலிருந்து ஹாலோ பிளாக் கற்களைச் சுமந்து வந்தேன். வீடு கட்டியதில் மிஞ்சியவை. வண்டிக்கு அண்டை கொடுக்கலாம் என்று பெருமையாக வைத்தேன். நீ இடுப்பில் கை வைத்துப் பார்த்தாய். “ஏனுங்க, எம்மேல எதாச்சும் கோபமுங்களா?” என்றாய். எனக்குப் புரியவில்லை. “கல்லு வெடிக்கறதுக்கு முன்னால சொல்லீட்டா வெடிக்கும்? பட்டுனு நொறுங்கீரும். அதுக்குன்னு இரும்பு ஸ்டேண்டு இருக்குதுங்க” என்று சொல்லி, என்னையே அந்தக் கற்களைத் திரும்பச் சுமக்க வைத்தாய். ஜாக்கியை மட்டும் நம்பியும் நீ ஒரு நாளும் உள்ளே போனதில்லை. அது தூக்கத்தான், அதில் நிறுத்தி வைத்துவிட்டு அடியில் படுக்கக் கூடாது என்பாய். ஸ்டேண்டில் வண்டியை இறக்கிய பிறகு என்னைக் கூப்பிட்டு, “எங்க, உங்க பலத்தக் காட்டுங்க பாக்கலாம்” என்று தள்ளச் சொல்வாய். நான் மூச்சைப் பிடித்துத் தள்ளுவேன். வண்டி அசையாது. நீ சிரித்துக்கொண்டே உள்ளே போவாய்.

எல்லாவற்றையும்விட ஒரு விஷயத்தில்தான் நீ பிடிவாதக்காரி. நான் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காராமல் வண்டிக்கு அடியில் போக மாட்டாய். நான் எதுவும் செய்ய வேண்டாம். சும்மா உட்கார வேண்டும். “எதாச்சும் ஒண்ணுன்னா கூப்பிட ஆளு வேணுமுங்க” என்பாய். நான் பேப்பர் படிப்பேன். அடியிலிருந்து அவ்வப்போது குரல் வரும்.

“இருக்கறீங்களா?”

“இருக்கறேன் கண்ணு.”

சில நாள் பேப்பரில் மூழ்கி வெறும் “ம்” என்பேன். அதற்கும் ஒன்றும் சொல்ல மாட்டாய். ஒரு நாள் குக்கர் விசில் மேல் விசிலாக அடிக்கிறதே என்று எழுந்து உள்ளே போய்விட்டேன். திரும்பி வந்தால் நீ வெளியே தரையில் உட்கார்ந்திருக்கிறாய், முகமெல்லாம் கடுகடுப்பு. “குக்கரு தீஞ்சா வேற வாங்கிக்கலாமுங்க. நான் நசுங்கிப் போனா எந்தக் கடையில வாங்குவீங்க?” என்றாய். அன்றைக்குப் பருப்பு அடிப்பிடித்துப் போனது. இருவரும் தயிர்ச் சோறு சாப்பிட்டோம்.

இன்றைக்கு எல்லாவற்றையும் நீ செய்தது போலவே செய்தேன். சிமெண்டுத் தரையில் வண்டியை நேராக நிறுத்தி, கொஞ்ச நேரம் எஞ்சினை ஓடவிட்டு ஆயிலைச் சூடாக்கி அணைத்தேன். முதல் கியர், ஹேண்ட் பிரேக். பின் சக்கரங்களுக்கு முன்னாலும் பின்னாலும் கட்டை கொடுத்தேன். முன்பக்கம் நடுவில் இருக்கும் தடித்த இரும்புச் சட்டத்தில் ஜாக்கியை முட்டுக் கொடுத்து மெதுவாக ஏற்றினேன். நீ காட்டிய இடத்தில், இரண்டு பக்கமும் ஸ்டேண்டை வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு இறக்கினேன். தோளைக் கொடுத்துத் தள்ளினேன். அசையவில்லை. பலத்தைக் காட்டச் சொல்லிச் சிரிக்க ஆள் இல்லாததால் இன்னொரு தடவையும் தள்ளிப் பார்த்தேன். எதற்கும் இருக்கட்டும் என்று ஸ்டெப்னியைப் பக்கவாட்டில் அடியில் தள்ளி வைத்தேன். ஒன்றும் விட்டுப் போகவில்லை.

பிறகு வழக்கம் போல நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

கொஞ்ச நேரம் ஆயிற்று, நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று எனக்கே உறைக்க. தூக்கி வைத்த கார், பக்கத்தில் காவலுக்கு நான், அடியில் யாரும் இல்லை. அழுதேன் என்றுதான் சொல்ல வேண்டும். உன்னிடம் என்ன மறைப்பது.

யாரையாவது கூப்பிடலாம் என்று போனை எடுத்தேன். கம்பெனி ஆட்கள் இருக்கிறார்கள், மங்கலத்தில் என் பெரியப்பா மகன் இருக்கிறான். சாமான் தூக்க வேண்டும், ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றால் உடனே வருவார்கள். வந்து என் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திரு என்று எந்த வாயால் கேட்பது? பெயர்களைத் தள்ளிக்கொண்டே போனேன். அப்படிக் கேட்கக்கூடிய ஒரே ஆள் நீதான் என்பது அப்போதுதான் தெரிந்தது. ஆள் இல்லாமல் உள்ளே போய்விடலாமா என்றுகூட ஒரு நிமிடம் தோன்றியது. தரையில் குனிந்தும் விட்டேன். உன் முகம் நினைவுக்கு வந்தது. எழுந்துவிட்டேன். காரை இறக்கி, பாப்பாவிடம் வந்து விற்றுவிடு என்று சொல்வது ஒன்றுதான் பாக்கி.

கடைசியில் மாடிப்படி ஏறினேன். மேலே குடியிருக்கும் அந்தோணியை உனக்குத் தெரியும், தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், நிட்டிங் மில்லில் நைட் ஷிப்ட். நீ போன பிறகு நான் அவரிடம் தலையாட்டுவதோடு சரி. அவர் மனைவி கொடுத்துவிட்ட மீன் குழம்புப் பாத்திரம்கூட இன்னும் நம் அடுப்படியில்தான் இருக்கிறது. கதவைத் தட்டினேன். தூக்கக் கண்ணோடு வந்தார்.

“என்ன அண்ணாச்சி, எதுவும் தூக்கணுமா?”

“தூக்கறதெல்லாம் தூக்கியாச்சுங்க. கீழ வந்து சும்மா உக்கோரணுமுங்க.”

“சும்மாவா?”

“சும்மாதானுங்க. நான் வண்டிக்கடியில போறேன். ஜாக்கியத் தொட வேண்டாம், எதையும் தொட வேண்டாம். எந்திரிச்சுப் போயிராம இருந்தாப் போதும்.”

அவர் ஒரு நொடி என் முகத்தைப் பார்த்தார். “அக்கா வேலை செய்யும்போது நீங்க உக்காந்திருப்பிய, மேல இருந்து பாத்திருக்கேன்” என்றார். சட்டையை மாட்டிக்கொண்டு இறங்கி வந்தார்.

தார்ப்பாயை விரித்து மல்லாந்து உள்ளே நகர்ந்தேன். முதலில் பயம்தான். மூக்குக்கு மேலே அத்தனை இரும்பு. சட்டியை வைத்து, போல்ட்டைத் தளர்த்தினேன். கறுத்த ஆயில் கயிறு போல இறங்கத் தொடங்கியது. முழுக்க வடியும்வரை வேலை இல்லை என்பதால் தலையைப் பக்கவாட்டில் திருப்பினேன்.

நாற்காலியின் நான்கு கால்கள் தெரிந்தன. அந்தோணியின் நீல ரப்பர் செருப்பு, குதிகால் வெடிப்பு, ஆடிக்கொண்டிருக்கும் கட்டை விரல், எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் பளிச்சென்று தெரிந்தன. அவர் எழுந்து போனால் அந்த நொடியே எனக்குத் தெரிந்துவிடும். கேட்க வேண்டிய அவசியமே இல்லை.

இத்தனை வருஷமும் என் கால்கள் உனக்குத் தெரிந்துகொண்டுதான் இருந்திருக்கின்றன. நான் இருக்கிறேன் என்று பார்த்துக்கொண்டேதான் நீ கேட்டிருக்கிறாய். அதற்கு நான் பேப்பரைப் புரட்டிக்கொண்டு “ம்” என்றிருக்கிறேன். அடியில் படுத்தபடி அதை நினைத்தபோது கண்ணில் இருந்து வழிந்தது காதுக்குள் போனது. துடைக்கக் கை சுத்தமாக இல்லை.

“அந்தோணி, இருக்கறீங்களா?” என்றேன்.

“இங்கனதான் இருக்கேன் அண்ணாச்சி. நீங்க பாருங்க.”

கால்களைப் பார்த்துக்கொண்டேதான் கேட்டேன். கேட்டதும் கொஞ்சம் நன்றாக இருந்தது.

வேலை முடிந்தது. புது ஆயில் ஊற்றி, காரை இறக்கி, சொட்டு ஒழுக்கு இல்லை என்று பார்த்தாயிற்று. அந்தோணி காப்பிகூட வேண்டாம் என்று தூங்கப் போய்விட்டார். வண்டி நம்மிடமே இருக்கும் என்று பாப்பாவிடம் சொல்லிவிட்டேன். வீட்டுக்குள் வந்தால் சத்தமே இல்லை. இருக்கறீங்களா என்று கேட்க ஆள் இல்லாத வீடு. கையில் இன்னும் கறை இருக்கிறது, சோப்புக்குப் போகவில்லை. அப்படியே உட்கார்ந்து, யாரும் கேட்காமலே, வாய் விட்டுச் சொன்னேன்.

“இருக்கறேன் கண்ணு.”