மூன்றாம் தடவை பூக்கேட்டேன்

சென்னிமலை,
ஞாயிறு மதியம்.

என் மாமாவுக்கு,

உங்கள் லோகப்பிரியா எழுதிக்கொள்வது. நானும் மிருதுளாவும் அத்தையும் சுகம். குடியை நிறுத்தும் அந்த மையத்தில் உங்கள் போனை வாங்கி வைத்துக்கொண்டது ஒருவகையில் நல்லதுதான். கல்யாணமாகி ஒன்பது வருடம் கழித்து எனக்கு உங்களிடமிருந்து முதல் கடிதம் வந்திருக்கிறது. எழுத்து கோழிக்கிறுக்கல்தான். ஆனாலும் கை நடுங்காமல் எழுதியிருக்கிறீர்கள். அதைப் பார்த்ததும் அழுதுவிட்டேன்.

“வந்து கூட்டிட்டுப் போயிரு அம்மணி” என்று எழுதியிருந்தீர்கள். டாக்டரம்மாவைக் கேட்டதற்கு இன்னும் இரண்டு மாதமாவது ஆகும் என்றார். போன வருடம் நீங்கள் கெஞ்சினீர்கள் என்று நாற்பதாவது நாளே கூட்டி வந்தோம். பொங்கல்கூடத் தாண்டவில்லை, குடித்துவிட்டு வண்டியோடு வாய்க்காலில் கிடந்தீர்கள். இன்னொரு தடவை குடித்தால் ஈரல் தாங்காது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார்.

நானாக முடிவெடுக்கப் பயமாக இருந்தது. கருப்பராயன் கோயிலில் வெள்ளைப் பூ ஒன்றும் சிவப்புப் பூ ஒன்றும் தனித்தனிப் பொட்டலமாகச் சாமி முன்னால் வைத்துப் பூக்கேட்டேன். வெள்ளை வந்தால் உங்களைக் கூட்டி வருவது, சிவப்பு வந்தால் பொறுப்பது. முதல் வெள்ளிக்கிழமை மிருதுளா எடுத்த பொட்டலத்தில் சிவப்பு அரளி. அடுத்த வெள்ளியும் சிவப்பு. எனக்குச் சாமி மேலேயே கோபம் வந்துவிட்டது. உனக்கென்ன, ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறாய், அவர் இல்லாத வீட்டில் ஒரு நாள் இருந்து பார் என்று மனசுக்குள் திட்டினேன்.

முந்தாநாள் மூன்றாம் தடவை கேட்டேன். பொட்டலம் மடித்தது நான்தான் மாமா. இரண்டிலும் வெள்ளை அரளியையே வைத்துவிட்டேன்.

பூசாரி கந்தப்பன் பிரித்துப் பார்த்துவிட்டு, “சாமி மனசு எறங்கிருச்சுங்க அம்மணி, போய்க் கூட்டிட்டு வாங்க” என்றார். மிருதுளா கோயில் வாசலிலேயே குதித்தாள். வீட்டுக்கு வந்ததும் அத்தை உங்கள் சட்டைகளையெல்லாம் எடுத்துத் துவைத்துப் போட்டார். எனக்குத்தான் சோறு இறங்கவில்லை.

நேற்று அத்தையிடம் உள்ளதைச் சொல்லிவிட்டேன். பிடிபிடியென்று பிடித்துக்கொள்வார் என்று நினைத்தேன். “நானா இருந்தா மொத வாரமே செஞ்சுபோட்டிருப்பேன் கண்ணு” என்றார். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சட்டைகளை மடித்துப் பீரோவிலேயே வைத்துவிட்டார். மிருதுளாவுக்கு என்ன சொல்வது என்று இன்னும் தெரியவில்லை. அப்பா எந்த பஸ்ஸில் வருவார் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

உங்களை எனக்கு முழுசாகத் தரத்தான் சாமி இத்தனை நாள் எடுத்துக்கொள்கிறது என்று நம்பப் பார்க்கிறேன். பகலில் கம்பெனியில் வேலை செய்யும்போது நம்ப முடிகிறது. வீட்டுக்கு வந்து உங்கள் செருப்பைப் பார்த்தால் போதும், அந்த நம்பிக்கையெல்லாம் எங்கே போகிறதென்றே தெரியவில்லை.

கருப்பராயன் உங்களுக்குத் துணையிருக்கட்டும். நேரத்துக்குச் சாப்பிடுங்கள், மாத்திரையைத் துப்பிவிடாதீர்கள். பதில் கட்டாயம் எழுதுங்கள். கூட்டிட்டுப் போ என்று மட்டும் எழுதாதீர்கள் மாமா. இன்னொரு தடவை நீங்கள் அப்படி எழுதினால் நான் சாமியைக் கேட்க மாட்டேன், வந்துவிடுவேன்.

உங்கள்,
லோகப்பிரியா