மருந்தைக் கேட்காத தவறு

ஜூன் 8
மூன்றாவது ஜாடியும் போயிற்று. முட்டை பொரிந்தது, மறுநாளே புழுக்கள் செத்துக் கிடந்தன.

ஆய்வுக்காக நான் வளர்க்கப் பார்க்கும் இந்த ஈ மாட்டின் முதுகிலேயே குடியிருந்து ரத்தம் குடிக்கும். மாடு சாணி போட்டதும் இறங்கி, சூடு ஆறுவதற்குள் முட்டையிட்டுத் திரும்பிவிடும். புழு, கூட்டுப்புழு, புது ஈ எல்லாம் அந்தச் சாணியில்தான். என் ஜாடியில் மட்டும் கதை பாதியில் நிற்கிறது.

பேராசிரியர்: "முப்பதாம் தேதிக்குள்ள ஒரு ஈயாவது காட்டும்மா. இல்லன்னா ஆய்வகத்துல உன் மேசையைக் காலி பண்ணிடு."

ஊரே அடித்து விரட்டுவதை நான் கெஞ்சி அழைக்கிறேன்.

ஜூன் 9
அக்கா தன் கட்டிலை ஜன்னலோரம் நகர்த்திவிட்டாள். "உன்னைக் கட்டிக்கப்போறவனுக்கு மூக்கே இருக்கக்கூடாதுடி."

ஜூன் 11
நான் சாணி எடுக்கும் மாட்டுப் பண்ணைக்காரம்மா பேச்சுவாக்கில் சொன்னார், போன மாதக் கடைசியில் மாடுகளுக்குக் குடற்புழுவுக்கு ஊசி போட்டாராம். நான் திடுக்கிட்டதும், "மாட்டுக்குத்தானே போட்டேன், சாணிக்கா போட்டேன்?" என்றார்.

சாணிக்கும்தான் அம்மா! மருந்து அதில்தானே வெளியேறி என் புழுக்களையும் கொல்கிறது. வெப்பம், ஈரம், தீவனம், எல்லாம் கேட்டு எழுதினேன். மருந்தைக் கேட்கவில்லை. முட்டாள்!

"எல்லா மாட்டுக்குமா போட்டீங்க?"

"சினையா இருக்கறதுக்கு மட்டும் போடல. பயம்."

கட்டிப்பிடித்திருப்பேன். அவரையா, மாட்டையா?

ஜூன் 12
சினைமாட்டின் பின்னால் மூன்று மணி நேரம், வாலையே பார்த்தபடி. "இப்படி முறைச்சா அது எப்படிப் போடும்?" என்று பண்ணைக்காரம்மா சிரித்தார். போட்டது. நாலைந்து ஈக்கள் இறங்கின. சாணியோடு முட்டைகளை அள்ளி வந்தேன்.

ஜூன் 13
பொரிந்தாயிற்று.

ஜூன் 15
உயிரோடு. இன்னும் உயிரோடு!

ஜூன் 18
புழுக்களைக் காணோம். ஐயோ, இதுவும் போச்சா? — சாணியை மெல்லப் பிட்டுப் பார்த்தேன். அடியில், கடுகைவிடச் சற்றுப் பெரிய பழுப்புக் கூடுகள். கூட்டுப்புழு ஆகிவிட்டன!

ஜூன் 25
காலையில் ஜாடியின் வலைமூடிக்குள் ஒரு ஈ. இறக்கை கசங்கி, குளித்துவிட்டு வந்ததுபோல. நான் பார்க்கப் பார்க்க விரித்தது. மதியத்துக்குள் நாற்பத்தேழு!

பேராசிரியர் குனிந்து வெகுநேரம் பார்த்தார். "ஒண்ணுதானேம்மா கேட்டேன்."

ஜூன் 30
பக்கத்து மேசையும் எனக்கே. அக்கா பார்க்க வந்தாள், கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு. அவளே ஈக்களை எண்ண ஆரம்பித்ததும் மூக்கிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.