நீ கவிழ்த்து வைத்த குடம்

நேற்று வில்லியனூரில் கூத்துக்காரர்கள் அரிதாரம் குழைத்துக்கொண்டிருந்தார்கள். அந்தத் தேங்காயெண்ணெய் வாடை மூக்கில் ஏறியதும் உன் ஞாபகம் வந்துவிட்டது, அக்கா. நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. உன்மேல் எனக்கிருக்கிற கோபம் இன்னும் போகவில்லை.

பிரெஞ்சுக்காரன் காலத்தில் நம் கூத்துக்காரத் தெருவில் மாடி வைத்த வீடு நாம் குடியிருந்தது ஒன்றுதான். வேஷம் கட்டுகிறவர்கள், மத்தளக்காரர், மண்பொம்மை செய்கிறவர் என்று ஏழு குடும்பம் சேர்ந்து வாங்கி, பத்திரம் பதிகிற நொத்தேர் முன்னால் பொதுவில் எழுதிக்கொண்டோம். குடும்பத்துக்கு ஓர் அறை. கிணறும் முற்றமும் எல்லாருக்கும். புதிதாக ஒருவரைச் சேர்ப்பதென்றால் விடியற்காலையில் குடும்பத்துக்கு ஒரு குடம் கிணற்றடியில் வைக்க வேண்டும். நிமிர்ந்த குடம் சம்மதம். ஒரு குடம் கவிழ்ந்திருந்தாலும் போச்சு, ஏனென்று கேட்கக்கூடாது. முகத்துக்கு நேரே சண்டை வேண்டாமென்று வைத்த வழக்கம்.

அன்று என் தங்கைக்காகக் குடம் வைத்தார்கள். அவள் புருஷன் சிப்பாயாகச் சைகோனுக்குப் போய் அங்கேயே ஒருத்தியோடு தங்கிவிட்டான். கைக்குழந்தையோடு வந்தவளை என் மாமியார் எங்கள் அறையில் சேர்க்கவில்லை. மாடியில் ஓர் அறை காலி; உன் வீட்டுக்காரர் அதில் கூத்துக் கிரீடங்களை அடுக்கியிருந்தார். அதைத்தான் கேட்டேன். பங்கு கிடைத்தால் அவளை யாரும் வெளியே போ என்று சொல்ல முடியாது.

விடிந்து பார்த்தால் உன் குடம் மட்டும் கவிழ்ந்திருந்தது. வழக்கமாவது ஒன்றாவது என்று உன்னிடம் வந்தேன்.

“இன்னாக்கா இது?”

“அய்யய்யோ, புளி போட்டுத் தேச்சிக் கவுத்தேன்டி. இன்னிக்கின்றது மறந்தே பூட்டுது.”

“அப்ப நிமித்தி வை.”

குடம் எண்ணுகிற கிழவர், அதுதான் நம் கட்டியங்காரன் வேஷக்காரர், குறுக்கே வந்தார். “எண்ணியாச்சும்மா. துரியோதனன் செத்தாச்சு. எழுந்து இன்னொருவாட்டி ஆடுன்னா ஆடுவானா?”

எல்லாரும் சிரித்தார்கள். உன் வீட்டுக்காரர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று சாயங்காலமே நீ என் தங்கையின் துணிமூட்டையைத் தூக்கி உன் அறையில் வைத்தாய். “எங்கூட இருக்கறதுக்கு எவங்கிட்ட கேக்கணும்?” என்றாய். கூத்தின் பழைய திரையை நடுவில் கட்டினாய். அவள் பிள்ளையை நீதான் வளர்த்தாய், இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் கிரீடத்துக்கு ஓர் அறை, என் தங்கைக்கு ஒரு திரை. தலை நரைத்த பிறகும் கொடியில் துணி போட உன்னைக் கேட்டுத்தான் போட்டாள்.

நீ படுக்கையில் கிடந்தபோது கேட்டேன்: “அக்கா, அன்னிக்கி நெசமா மறந்தியா?”

“அவரு கவுத்தாருடி. பாத்துக்குனுதான் இருந்தேன். நிமித்தல.”

எனக்கு அன்றே தெரியும். புளி தேய்த்த குடம் பளபளவென்றிருக்கும். உன் குடம் மங்கிக் கிடந்தது. அவர் செய்ததை மறைக்க நீ பொய் சொன்னாய், அந்தப் பொய்க்காகக் காலமெல்லாம் சோறு போட்டாய்.

என் தங்கை தினமும் உனக்கு விளக்கேற்றுகிறாள். பெற்றவள்கூட உன்னைப்போல் பார்த்ததில்லை என்கிறாள். அவளிடம் நான் இதைச் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். அவள் படவேண்டிய கோபத்தையும் சேர்த்து நானே வைத்துக்கொண்டிருக்கிறேன்.