பத்துமலையில் முழு மொட்டை

ஜூன் 12, வெள்ளி

காலையிலிருந்து மழை. நனைந்துகொண்டே தேக்கா கடைத்தெருவுக்குப் போய்ப் புது வேட்டி வாங்கினேன். மதியம் சிங்கப்பூரிலிருந்து கோலாலம்பூர் பஸ்.

நாளை பத்துமலையில் தங்கச்சி கவிதாவின் மகள் யாழினிக்கு முதல் மொட்டை. தாய்மாமன் மடியில் வைத்துத்தான் எடுக்க வேண்டும். தாய்மாமன் நான் ஒருத்தன்தான்.

காதுகுத்தும் என் மடியில் நடந்திருக்க வேண்டியது. கவிதா புருஷன் தினேஷ், சுவா சூ காங் ஏரியா மகாராஜா, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் ஏதோ ஒரு மாலில் குத்திக்கொண்டு வந்துவிட்டான். கேட்டால், "அங்க ரொம்ப கிளீன் லா, மச்சான்." மறக்க மாட்டேன்.

பஸ்ஸில் முன் சீட்டில் அவன். குறட்டை வேறு.

ஜூன் 13, சனி

வேன், டிரைவர், அரை நாள் டூர். திட்டம் தினேஷுடையது. முதலில் ஊருக்கு வெளியே வேறொரு மலை உச்சி, அப்புறம்தான் பத்துமலைக் குகைக் கோவில். பாப்பாவை முடியோடு போட்டோ எடுக்கணுமாம். சாமி காரியத்துக்கு வந்தவன் செய்கிற வேலையா இது?

மேலே ஒரே பனிமூட்டம். எதிரில் நின்ற தினேஷே தெரியவில்லை. பார்த்ததில் அது ஒன்றுதான் நல்ல காட்சி.

டிரைவர் சொல்லிப் பார்த்தார். "சார், மதியம் எனக்கு வேற ஆளுங்க இருக்காங்க. அப்புறம் கோயில்ல அவசரப்படக் கூடாது."

"ஃபைவ் மினிட்ஸ் லா, அங்கிள்."

அந்த ஃபைவ் மினிட்ஸ் முடியவே இல்லை. பாப்பாவுக்குத் தும்மல்.

பத்துமலை. படி ஏற நேரமில்லை. கீழே நின்றே ஒரு கும்பிடு. நேரே மொட்டை போடும் இடம். யாழினி என் மடியில். என் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. அவ்வளவு சந்தோஷம் எனக்கு.

உடனே தினேஷ்: "பூமுடி போதும். மூணு இடத்துல லேசா வெட்டி விடுங்க."

வந்ததே கோபம். காதும் போச்சு, இப்போது முடியும் அரைகுறையா? கவிதா குனிந்து பையில் எதையோ தேடிக்கொண்டிருந்தாள். பாவம், அவன் முன்னால் அவள் எங்கே வாய் திறப்பாள்?

முடி எடுப்பவர் என்னைத்தான் பார்த்தார். "மாமா நீங்க சொல்லுங்க. பூமுடியா, முழுசா?"

"முழுசா எடுங்க."

தினேஷ் எகிறினான். சவரக்கத்தி அதற்குள் நடு உச்சியில்.

திரும்பும் பஸ்ஸில் இருவரும் பாப்பாவோடு கடைசி சீட்டுக்குப் போய்விட்டார்கள். போகட்டும். ஜெயித்தது நான்.

ஜூன் 14, ஞாயிறு

மார்சிலிங்கில் என் வீடு. நல்ல வெயில். வேட்டியை அலசினேன். மடிப்பெல்லாம் குட்டிக் குட்டி முடி.

கவிதா போனை எடுக்கவில்லை. மதியம் ஒரு வாய்ஸ் மெசேஜ்.

"பூமுடின்னு கேட்டது நான்தாண்ணே. அவரு இல்ல. பொறந்ததுலேர்ந்து நான் எண்ணெய் தடவி வளர்த்த முடி. நீ கத்துவேன்னு பயந்துதான் அவர விட்டு சொல்லச் சொன்னேன். கொஞ்ச நாளைக்கு வீட்டுக்கு வராத."

தினேஷ் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்திருப்பான். அதைக் கண்டுபிடிக்க இன்னொரு தரம் போட்டுக் கேட்டேன்.

இல்லை. அவள் பேச்சேதான். பின்னால் பாப்பா தும்முகிறாள்.